டெக்கும் டிஸ்க்கும் ஒரே பெட்டியில்: 2008 முதல் இன்றுவரை

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்கு இன்றும் டெக் என்றுதான் பெயர். டிவிடி பதிவு செய்யும், வீடியோ கேசட் ஓட்டும், கேசட்டில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றித் தரும் என்று மூன்று வேலைக்காக வந்ததென்றாலும் அம்மாவுக்கு அது டெக். 1988-ல் அப்பா சென்னை பர்மா பஜாரில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு திருச்சிக்குக் கொண்டுவந்த பழைய டெக்கின் வாரிசு அது. பழையது 2006-ல் நாடாவை மெல்ல ஆரம்பித்தது. இரண்டு முறை பெல்ட் மாற்றினோம். மூன்றாவது முறை மெக்கானிக்கே கையை விரித்துவிட்டார். அலமாரியில் 41 கேசட்டுகள் இருந்தன. ஓட்டிப் பார்க்கத்தான் எதுவும் இல்லை.

முதலில் ஒரு கேசட்டை மட்டும் கடையில் கொடுத்துப் பார்த்தேன். 1991-ல் நடந்த அக்கா கல்யாணம். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிஸ்க்கில் அடைத்துக் கொடுத்தார்கள். அக்காவின் அரக்குப் பட்டு காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தாலி கட்டி முடிந்ததோடு படமும் முடிந்திருந்தது. கேட்டால், ‘கேசட்டில் அவ்வளவுதான் இருந்தது சார்’ என்றார்கள். பந்தியில் இலைக்கு முன்னால் அப்பத்தா உட்கார்ந்திருக்கும் காட்சி அதில் இருந்தது எனக்குத் தெரியும். அப்பத்தா அசைவதைப் பார்க்க அதைவிட்டால் வேறு படம் கிடையாது. இனி இந்த வேலையை வெளியே கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

தனியாக ஒரு டெக், தனியாக ஒரு டிவிடி ரெக்கார்டர் வாங்கி வடம் போட்டு இணைப்பதா, இரண்டும் சேர்ந்த பெட்டியா என்பதில் ஒரு மாதம் ஓடியது. விவரம் தெரிந்தவர்கள் தனித்தனியாக வாங்கச் சொன்னார்கள். சேர்ந்த பெட்டியில் ஒரு பாதி பழுதானால் மறுபாதியும் சேர்ந்து கடைக்குப் போகவேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் ஒரே பொத்தானில் நகலெடுக்கும் வசதி என்னை இழுத்துவிட்டது. சிங்கப்பூரில் வேலையில் இருந்த அத்தானிடம் சொன்னேன். அவர் விடுமுறைக்கு வரும்போது சுமந்துகொண்டு வந்தார். விலையை இன்றுவரை சொல்லவில்லை.

அதில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. அப்போது சிங்கப்பூரிலும் இங்கேயும் தொலைக்காட்சி ஒளிபரப்பு ‘பால்’ (PAL) என்ற ஒரே முறை, மின்சாரமும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே பெட்டி வந்த அன்றே வேலை செய்தது. தட்டைக் கால் பிளக்குக்கு மட்டும் 20 ரூபாய்க்கு ஒரு மாற்றி வாங்கினேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் என்டிஎஸ்சி என்ற வேறு ஒளிபரப்பு முறை, 120 வோல்ட் என்று வேறு தலைவலி. எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டுப் பெட்டியில் ஓடும் என்று டிவிடிக்கு மண்டலக் கணக்கு ஒன்று உண்டு. சிங்கப்பூர் 3, இந்தியா 5. 5 என்று அச்சிட்ட சில ஆங்கிலப் பட டிஸ்க்குகளைப் பெட்டி துப்பிவிட்டது. நம் படங்கள் பெரும்பாலும் எல்லா மண்டலத்துக்குமானவை என்பதால் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

நகலெடுப்பது ஒரே பொத்தான்தான். ஆனால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். பக்கத்தில் ஆளும் வேண்டும். கேசட்டில் பதிவு முடிந்து வெற்று நாடா ஓடினாலும் பெட்டி அசராமல் நீலத்திரையைப் பதிவு செய்துகொண்டிருக்கும். ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே படம் குதித்தால் பாதியில் நின்றுவிடும். புதிதாக ஒரு கேசட்டை எடுத்ததும் முழுவதும் முன்னே ஓட்டி, திரும்பப் பின்னே சுற்றிவிட்டுத்தான் நகலுக்குப் போடுவேன். பல வருடம் இறுகிக் கிடந்த நாடா சீராகச் சுற்றிக்கொள்ளும். 180 நிமிடக் கேசட்டுக்குள் 250 மீட்டருக்கும் மேல் நாடா இருக்கிறது. அத்தனையும் கால் அங்குலம்கூடச் சுருங்காமல் ஓடி முடிப்பதே பெரிய விஷயம்.

பதிவுத் தரத்தில்தான் நான் ஏமாந்தேன். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரம், இரண்டு, நான்கு, ஆறு என்று பிரித்துப் பதியலாம். விஎச்எஸ், அதாவது இந்த வீடியோ கேசட்டின், படமே சுமார்தானே, அதற்கு நான்கு மணி நேர முறை போதாதா என்று கணக்குப் போட்டு முதல் பத்துக் கேசட்டை அதில் இறக்கினேன். தப்புக் கணக்கு. பழைய நாடாவில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். கண்ணுக்கு அது வெறும் தூசி. சுருக்கிப் பதியும் இயந்திரத்துக்கோ ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய செய்தி. இருக்கிற இடத்தையெல்லாம் அந்தப் புள்ளிகளுக்கே செலவழித்துவிட்டு முகங்களைக் கட்டம் கட்டமாக விட்டுவிடும். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பும்போதெல்லாம் கன்னம் சதுரமானது. அந்தப் பத்தையும் இரண்டு மணி நேர முறையில் மறுபடி எடுத்தேன். கல்யாணக் கேசட் என்றால் மாலை மாற்றி ஊஞ்சல் முடிந்ததும் நிறுத்தி, மீதியை இரண்டாவது டிஸ்க்குக்குக் கொண்டுபோவேன். பந்தி இரண்டாவது டிஸ்க்கில் வந்தது. அப்பத்தா சரியாக 11 விநாடி இருக்கிறார். அப்பளத்தை நொறுக்கிவிட்டு கேமராவைப் பார்த்து, விளக்கை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டுகிறார்.

ஒலியிலும் ஒரு பாடம். சில கேசட்டுகளில் மேளச் சத்தத்துக்குக் கீழே கொரகொரவென்று வந்துகொண்டே இருந்தது. நாடாவைப் படிக்கும் ஹெட் போய்விட்டது என்று நினைத்துப் பயந்தேன். திரையில் வரும் அமைப்புப் பட்டியலில் ஒலி ஹைஃபை (உயர்தர ஒலித்தடம்) என்று இருந்ததைச் சாதாரண மோனோவுக்கு மாற்றியதும் சத்தம் சுத்தமாகிவிட்டது. மோனோ என்பது நாடாவின் ஓரத்தில் தனியாகப் பதிந்திருக்கும் ஒலி. அந்தக் கேசட்டுகளின் ஹைஃபை தடத்தைத்தான் பெட்டியால் சரியாகப் படிக்க முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது நகல் தடுப்பு விஷயத்தில்தான். கடையில் விற்ற சினிமா கேசட்டுகளை நகலெடுக்கவிடாது. அது சட்டம், சரி. ஆனால் என் மகனின் முதல் பிறந்தநாள் கேசட்டையும் ‘நகலெடுக்க அனுமதி இல்லை’ என்று நிறுத்திவிட்டது. தேய்ந்துபோன நாடாவின் தடுமாறும் சிக்னலைக் பதிப்புரிமைப் பூட்டு என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. என் பிள்ளை கேக் வெட்டுவதற்கு நான் யாரிடம் அனுமதி வாங்குவது? ஹெட்டைத் துடைத்து, நாடாவும் ஹெட்டும் ஒத்துப்போகச் செய்யும் டிராக்கிங்கைக் கையால் சரிசெய்து, நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, ஐந்து துண்டாக எடுத்து முடித்தேன்.

மின்வெட்டுக் காலத்தில் இரண்டு பாதிகளின் குணமும் தெரிந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேசட்டில் பதியும்போது மின்சாரம் போனால் அதுவரை பதிந்தது பத்திரமாக இருக்கும். டிஸ்க்கில் பதியும்போது போனால் பெரும்பாலும் டிஸ்க்கே பாழ். வேறு பெட்டியில் திறக்காது, சில சமயம் இதே பெட்டியிலும் திறக்காது. அப்படி ஏழு டிஸ்க் குப்பைக்குப் போனது. இன்வெர்ட்டர் வாங்கியது மின்விசிறிக்காக என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

தொலைக்காட்சியிலிருந்து பதியும் ஆசை சீக்கிரமே அடங்கியது. கேபிள்காரர் செட்டாப் பாக்ஸ் கொண்டுவந்த நாளோடு பெட்டிக்குள் இருந்த, சேனல் பிடிக்கும் ட்யூனர் வேலையற்றுப்போனது. அதன் பிறகு பாக்ஸில் எந்தச் சேனலை விட்டுவைக்கிறோமோ அதைத்தான் பதியும்.

நம் ஊர்க் காற்றில் கேசட்டுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. மழைக்காலம் முடிந்து எடுத்தால் கண்ணாடிச் சாளரத்தின் வழியாகச் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாக, விபூதி தூவியதுபோலத் தெரியும். நான் அதை அப்படியே உள்ளே தள்ளப் போனபோது மெக்கானிக் கையைப் பிடித்துக்கொண்டார். ‘சார், இதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டும். அடுத்து நீங்கள் போடுகிற கேசட்டெல்லாம் கெடும்.’ அடிப்பக்கத்து ஐந்து திருகுகளைக் கழற்றி, இரண்டு சுருளையும் வெளியே எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் ஓரத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தார். தேய்க்கவில்லை, ஒற்றினார். காய்ந்த பிறகு அதே சுருளை ஒரு வெற்றுக் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிவைத்தார். அரை மணி நேர வேலை. 80 ரூபாய்தான் வாங்கினார்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை பாடுபட்டு 58 டிஸ்க்குகளை எழுதி, தேதி போட்டு, உறையில் வைத்து, இனி கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று 2013-ல் மூட்டை கட்டினேன். அம்மா விடவில்லை. ‘இருக்கட்டும். அது என்ன சோறா கேட்கிறது?’ என்று பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் டிஸ்க்குகளை எடுத்துக் கணினியில் போட்டால் 13 திறக்கவில்லை. நான் அழகாகக் காகித ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதியவை முதலில் போயிருந்தன. ஒட்டிய இடத்தில் டிஸ்க் லேசாக வளைந்திருந்தது. மொத்தமாக மலிவு விலைக்கு வாங்கிய கட்டிலிருந்து வந்தவை அடுத்து. பரணிலிருந்து இறக்கிய கேசட்டுகள் நிறம் சற்று வெளுத்திருந்தாலும் ஓடின. 1991-ல் பதிந்த நாடா 2009-ல் எழுதிய டிஸ்க்கைவிட நன்றாக இருந்தது.

பெட்டியும் அதே கதைதான். டிஸ்க் பாதியின் லேசர் 2015-லேயே மங்கி, 2017-ல் முழுவதும் நின்றுவிட்டது. உதிரி பாகம் கிடைக்கவில்லை. கேசட் பாதி ஒரே ஒரு ரப்பர் ரோலர் மாற்றத்தோடு இன்றும் ஓடுகிறது. எதைப் புதுமை என்று நம்பி வாங்கினேனோ அது முதலில் போனது. இப்போது அதன் பின்புறத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வடத்தை ஒரு சிறிய யுஎஸ்பி கருவி வழியாகக் கணினியில் செருகிப் பதிகிறேன். கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. ஒன்று என்னிடம், ஒன்று அக்கா வீட்டில். நல்ல நிலையில் இருந்த டிஸ்க்குகளையும் அப்படியே கணினிக்கு இறக்கிவிட்டேன். அதற்கு மறுபடி மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதில்லை என்பது மட்டும் டிஸ்க்குக்குச் சேரவேண்டிய புகழ்.

புதிதாக இந்த வகைப் பெட்டி இனிக் கிடைக்காது. கடைசிவரை விசிஆர் (நம் டெக்) தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழையதைத்தான் வாங்க வேண்டும். வாங்கப் போகிறவர் கையில் ஒரு கேசட் கொண்டுபோகட்டும், கெட்டுப்போனாலும் அழவேண்டியிராத கேசட்டாக. ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்து நாடாவின் விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். டிஸ்க் பாதி வேலை செய்யாவிட்டால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வாங்காமல் வரத் தேவையில்லை. டிஸ்க் பாதியையும் பயன்படுத்த நினைத்தால் ரிமோட் இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். எழுதிய டிஸ்க்கை மற்ற பெட்டிகளில் ஓடும்படி முடித்துவைக்கும் வேலை என் பெட்டியில் ரிமோட்டில் மட்டும்தான் இருந்தது. மகன் ரிமோட்டைத் தண்ணீர் வாளியில் போட்ட வாரம் எழுதிய டிஸ்க்குகள், மாற்று ரிமோட் வரும்வரை வேறு எந்தப் பெட்டியிலும் ஓடவில்லை.

41-ல் 36 கேசட்டுகள் முடிந்துவிட்டன. இரண்டில் நாடா அறுந்திருக்கிறது, மூன்று மெக்கானிக்கிடம் பூஞ்சைக்காகக் கிடக்கின்றன. போன வாரம் தஞ்சாவூரிலிருந்து சித்தி ஒரு பை நிறையக் கேசட் கொடுத்தனுப்பியிருக்கிறார். மேலே இருந்த முதல் கேசட்டில் சித்தப்பாவின் கையெழுத்தில் ‘அழிக்காதே’ என்று எழுதியிருக்கிறது, எதை என்று எழுதவில்லை. இன்று இரவு அதைத்தான் போடப்போகிறேன்.