ஹாட் ஃப்ளஷ் ஆய்வுக்கு எந்த விலங்கு?

வேலூர், சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மெனோபாஸ் (மாதவிடாய் நிற்கும் பருவம்) ஹாட் ஃப்ளஷ், அதாவது திடீரென உடல் சுடும் அலைக்கான மருந்தைச் சோதிக்கப் போகிறவர்களுக்கு என் ஓட்டு சினைப்பை நீக்கிய எலிக்குத்தான். சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், மெனோபாஸில் நடப்பதுபோல.

ரீசஸ் குரங்குக்கு மாதவிடாய் தானாகவே நிற்கும், ஆனால் இருபது வயது தாண்ட வேண்டும். செலவையும் அனுமதியையும் சொல்லவே வேண்டாம். ஹாட் ஃப்ளஷோடு தொடர்புள்ள கிஸ்1 என்ற மூளை நரம்பணுக்களை மட்டும் தனியே தூண்டிப் பார்க்கச் சுண்டெலி தேவைதான். மற்றபடி தீவனம் குறைந்தாலே உடல் சூட்டை இறக்கிக்கொள்ளும் பிராணி அது.

மார்ஃபின் முறை கவர்ச்சியானது. மார்ஃபினுக்குப் பழக்கிய எலிக்கு மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டதும், ஹாட் ஃப்ளஷ் போல வால் சூடு பல டிகிரி குப்பென்று ஏறும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் தணியும். ஆனால் போதை விடும் தவிப்பும் அதில் கலந்திருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் உரிமம், பதிவேடு வேறு.

சினைப்பை நீக்கிய எலியை இரண்டு வாரமாவது ஆறவிடுங்கள். சினைப்பைத் துண்டு மிச்சமிருந்தால் எல்லாம் வீண். கடைசியில் கருப்பையை எடை போட்டால் தெரிந்துவிடும், சுருங்கியிருக்காது. சோயா கலந்த தீவனம் ஆகாது, அதில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்கள் உண்டு.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது அறைச் சூடு. எலிக்கு வால்தான் ரேடியேட்டர். அறை 20 டிகிரிக்கு இறங்கினால் வால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். 30 தாண்டினால் எல்லா எலிக்கும் விரிந்துவிடும். இரண்டிலும் மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் மங்கிப்போகும். 24–26இல் ஆடாமல் நிறுத்துங்கள். மே மாதத்தில் வெளியே 40ஐத் தொடும் ஊரில், மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியே ஓர் இரவின் பதிவைக் கெடுத்துவிடும். ஏசி காற்று நேரே படும் அடுக்கில் கூண்டு வேண்டாம். வெப்பமானி சுவரில் அல்ல, கூண்டின் உயரத்தில் இருக்கட்டும். எவ்வளவு பார்த்தாலும் அறை கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். அதனால் வால் சூட்டை மட்டும் நம்பாதீர்கள்: வால் சூட்டில் அறைச் சூட்டைக் கழித்து, அதை உடல் உள்சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 0 பக்கம் வந்தால் வால் மூடியிருக்கிறது, 1 பக்கம் என்றால் திறந்திருக்கிறது. எலி விழித்திருக்கும் இருட்டு நேரத்தில் அளவெடுங்கள். வாலைக் கையால் பிடித்தால் பயத்திலேயே ரத்தக்குழாய் சுருங்கும், டெலிமெட்ரி (பொருத்திய உணரி கம்பியில்லாமல் சூட்டை அனுப்பும் முறை) நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எலிக்குச் சூடு நிலையாக உயர்ந்திருக்குமே தவிர, பெண்களுக்குப் போலச் சில நிமிட அலையாக வராது. ஹாட் ஃப்ளஷ் மருந்தான ஃபெசோலினெட்டன்ட் 2023இல் அமெரிக்க அனுமதி பெற்ற பின், அதைப் போல மூளையின் என்கே3 ஏற்பியை அடைக்கும் என்கே3 தடுப்பான்கள் பக்கம் பலரும் திரும்பியிருக்கிறார்கள். அந்த வகையில் சில மருந்துகள் மனித ஏற்பியைவிட எலி ஏற்பியில் பலவீனமாகவே ஒட்டும். அறுவைக்கு முன்பே அதைச் சோதித்துவிடுங்கள். ஒட்டவில்லையென்றால் கினிப்பன்றியைப் பார்க்கலாம், ஆனால் அதற்கு வால் கிடையாது.