கடைசித் தேர்வு முடிந்த கையோடு வாங்கிய 40 லிட்டர் பை

பல்கலைக்கழகத்தில் கடைசித் தேர்வு முடிந்த கையோடு வாங்கிய பை இது, மூன்று மாதம் நான்கு நாடு என்று தோளிலேயே கிடந்துவிட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். 40 லிட்டர் போதுமா? போதும். விடுதி அறையையே காலி செய்து தூக்கிப்போக நினைத்தால்தான் போதாது.

சூட்கேஸ் மாதிரி முழுதாகத் திறக்கிறது. அடியில் கிடக்கும் ஒற்றை சாக்ஸுக்காகப் பையையே கவிழ்த்துக் கொட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டிவிட்டுத் தோள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினால் பாதி வலி போய்விடும். இது தெரியாமல் முதல் வாரம் தோளில் சிவப்புக் கோடுகளோடு திரிந்தேன்.

சரி, குறைகள். மழையுறை கூடவே வருகிறது, ஆனால் முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த பட்டச் சான்றிதழ் ஊறிப்போனது (நகல்தான், மூலத்தை யாராவது எடுத்துப்போவார்களா). பக்கவாட்டு ஜிப் இரண்டாம் மாதமே பல்லை இளித்துவிட்டது. விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்கிறார்கள். பல விமான நிறுவனங்கள் சொல்லும் 55 செ.மீ. உயரத்துக்குள் அடங்குகிறது, ஆனால் முன்பக்கம் எதையாவது திணித்தால் வயிறு தள்ளிக்கொள்ளும். அப்புறம் கவுண்டரில் வாங்கி சரக்கில் போடுவார்கள். அப்போது பவர் பேங்கை மறக்காமல் வெளியே எடுங்கள், அது சரக்கில் போகக் கூடாது. பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு 20,000 எம்ஏஎச் என்றால் அது சுமார் 74 வாட்-அவர் (மின்னாற்றல் அளவு), விமானங்களின் வழக்கமான வரம்பான 100 வாட்-அவருக்குள் இருப்பதால் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஜிப்பை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த பயணத்துக்கும் இதையேதான் தூக்கப்போகிறேன்.