ஒரே ஷீட்டில் இரண்டு பள்ளிகள்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றதும் ஸ்மார்ட் போர்டும் வீடியோவும்தான் முதலில் பேச்சில் வருகின்றன. நான் எழுதப்போவது அவற்றைவிட மிகச் சாதாரணமான ஒன்றைப் பற்றி: கூகுள் ஷீட், அதாவது இணையத்தில் பலர் சேர்ந்து நிரப்பும் விரிதாள். திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேலூர்ப் பக்கம் இன்னோர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார், பயிற்சி முகாமில் பழக்கமானவர். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்ததிலிருந்து, இரண்டு வகுப்புகளும் ஒரே ஷீட்டில் எழுதும்படி ஆண்டுக்கு ஒரு பாடமாவது சேர்ந்து நடத்துகிறோம்.

மற்றவற்றையும் பயன்படுத்தாமல் இல்லை. 2018-19இல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் கோடுகள், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, ஹைடெக் லேப் எல்லாமே ஏதோ ஒரு வகையில் கைகொடுத்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிவைத்த பெட் சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை, மின்சுற்றுப் பாடத்துக்கு இன்றும் எடுக்கிறேன். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை. ஆனால் சிமுலேஷனில் வரும் எண் எப்போதும் சுத்தமாக இருக்கும். கையால் அளந்த எண்ணில் பிசிறு இருக்கும், அந்தப் பிசிறு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் தேடும்போதுதான் அறிவியல் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தத் தேடலுக்கு ஷீட்டைப் போல உதவிய கருவி வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

நாங்கள் செய்யும் பாடம் இதுதான். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 240 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். எகிப்தின் சையீன் நகரில், அதாவது இன்றைய அஸ்வானில், சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழலின் கோணம், அதாவது நட்ட கம்புக்கும் சூரியக்கதிருக்கும் இடையிலுள்ள கோணம், ஏறத்தாழ 7.2 டிகிரி. முழு வட்டத்தில் அது ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. ஒரு பள்ளி மட்டும் இதைச் செய்ய முடியாது. வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

பிப்ரவரி முதல் வாரம் எங்களுக்குத் தோதான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், ஆண்டுத் தேர்வு நெருக்கவும் தொடங்கியிருக்காது. இரண்டு பள்ளி முற்றத்திலும் ஒரு மீட்டர் கம்பை நட்டு, 12.10 முதல் 12.50 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தைக் குறித்துக்கொள்வார்கள். நாலு நாலு பேராகக் குழுக்கள். எங்கள் குழுக்களுக்குத் தாமிரபரணி, சிற்றாறு, மணிமுத்தாறு, பச்சையாறு என்று பெயர். வேலூர்ப் பிள்ளைகள் பாலாறு, பொன்னையாறு, செய்யாறு என்று வைத்துக்கொண்டார்கள். ஆற்றுப் பெயர் வைத்ததில் ஒரு வசதி உண்டு. பிள்ளைகளின் சொந்தப் பெயர் இணையத்தில் எங்கும் ஏறுவதில்லை. தனிக்கணக்கும் யாருக்கும் தொடங்கித் தருவதில்லை, லேப் கணினியில் லிங்க்கைத் திறந்து எழுதுவதோடு சரி.

முதலில் நோட்டில்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் இருவரின் கண்டிப்பான விதி. முற்றத்தில் சிக்னல் வரும் போகும். நோட்டில் இருந்தால் சாயங்காலம்கூட ஏற்றிக்கொள்ளலாம், தகவல் போய்விட்டதே என்ற பதற்றம் வராது.

எண்கள் ஷீட்டில் ஏறத் தொடங்கியதும் வகுப்பே மாறிவிடும். எங்கள் ஊரில் குறைந்தபட்ச நிழல் 46 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி நிற்கும், அங்கே 56ஐத் தொடும். "அவங்களுக்கு ஏன் சார் நிழல் பெருசா இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். இதே கேள்வியை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பாதிப் பேர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் தங்களைப் போலவே வெயிலில் நின்று அளந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அது அவர்களுடைய சொந்தக் கேள்வியாகிவிடுகிறது.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது கமெண்ட் வசதி. ஒவ்வொரு கட்டத்தின் மீதும் தனித்தனியே கேள்வி எழுதலாம். ஓர் ஆண்டு பாலாறு குழுவின் வரிசையில் 56.1, 57.7, 56.0 என்று எண்கள் வந்தன. மணிமுத்தாறு குழு நடுவிலுள்ள கட்டத்தின் மேல் கேட்டுவிட்டது: "முன்னும் பின்னும் 56தான், இது மட்டும் எப்படி?" மறுநாள் பதில் வந்தது. அளக்கும்போது யாரோ காலால் தட்டிக் கம்பு சாய்ந்திருக்கிறது, அடுத்த அளவுக்கு முன் நிமிர்த்தியிருக்கிறார்கள். ஒரு மீட்டர் கம்பு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் அதன் நுனி ஏறத்தாழ ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். அடுத்த நாள் எங்கள் வகுப்பில் ஒரு பையன், கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாவிடம் கேட்டுத் தூக்குக்குண்டு வாங்கி வந்துவிட்டான். அப்புறம் இரண்டு பள்ளியிலும் தூக்குக்குண்டு இல்லாமல் கம்பு நடுவதில்லை. பிழையைச் சுட்டிக்காட்டியதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆசிரியர் சிவப்பு மையில் போடும் வட்டம் வேறு, சக மாணவர் கேட்கும் "இது எப்படி?" வேறு.

கவனமாக அளக்க வேண்டிய கட்டாயமும் தானாக வந்துவிடுகிறது. மிகக் குட்டையான நிழலை வைத்து ஒவ்வோர் ஊரின் கோணத்தையும் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம். இரண்டு ஊருக்குமான கோண வித்தியாசம் சுமார் 4.2 டிகிரிதான். நிழலில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலே கோணம் அரை டிகிரியை ஒட்டி மாறும், பூமியின் சுற்றளவு நாலாயிரம் கிலோமீட்டர் போலக் கூடியோ குறைந்தோ போய்விடும். தங்கள் எண்ணை நம்பி இன்னொரு வகுப்பு கணக்குப் போடுகிறது என்பது தெரிந்தால், ஸ்கேலைத் தரையில் வைக்கும் விதமே மாறுகிறது.

நேர விஷயம் நாங்கள் திட்டமிடாமல் வந்தது. இரண்டு பள்ளிகளின் நிழல் அளவுகளையும் ஒரே வரைபடமாகப் போட்டபோது வளைவுகள் இரண்டும் ஒரே இடத்தில் இறங்கவில்லை. வேலூரில் 12.27ஐ ஒட்டி நிழல் மிகக் குட்டையாகிறது, எங்களுக்கு 12.33 ஆகிவிடுகிறது. "அவங்களுக்கு நமக்கு முன்னாடியே உச்சி வந்துருது சார்!" என்றாள் ஒரு மாணவி. தீர்க்கக்கோட்டில் ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று சமூக அறிவியலில் படித்ததை அவர்களே எடுத்துப் பார்த்தார்கள். வேலூர் கிழக்கே கிட்டத்தட்ட 1.4 டிகிரி தள்ளி இருக்கிறது, ஆகவே ஏறத்தாழ ஆறு நிமிடம். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டை வைத்துத்தான் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உண்மையில் பிடிபட்டது. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது நம் தலைக்கு மேல் உச்சி ஏன் வரவில்லை என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

தூரத்துக்கு முதலில் எல்லோரும் போனில் சாலைத் தூரத்தைப் பார்த்துப் போடுவார்கள். சுற்றளவு மிக அதிகமாக வரும். ஏன் என்று கமெண்டிலேயே விவாதம் ஓடும். சாலை வளைந்து போகிறது, தவிர நமக்கு வேண்டியது தெற்கு வடக்குத் தூரம் மட்டும்தான். அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்து 465 கிலோமீட்டர் பக்கம் வந்துவிடுவார்கள். பெரும்பாலான குழுக்களின் விடை 38 ஆயிரத்துக்கும் 42 ஆயிரத்துக்கும் நடுவில் விழுகிறது. துருவங்கள் வழியாக அளந்தால் உண்மைச் சுற்றளவு 40,008 கிலோமீட்டர்.

இனி, நடைமுறையில் கவனிக்க வேண்டியவை. லிங்க் கொடுக்கும்போது எல்லோரையும் எடிட்டராக விட்டால் யாராவது அடுத்தவர் வரிசையில் கை வைத்துவிடுவார்கள். ஓர் ஆண்டு செய்யாறு குழுவின் ஒரு பத்தி முழுக்க அழிந்துபோனது. பழைய பதிப்புகளைப் பார்க்கும் வசதி இருப்பதால் சில நிமிடங்களில் மீட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கும் தனித் தாள் ஒதுக்கி, மற்றவர் தாளுக்குப் பூட்டுப் போட்டு, கமெண்ட் மட்டும் பொதுவாக வைத்திருக்கிறோம். நேரத்தைப் புள்ளி வைத்து 12.33 என்று அடித்தால் விரிதாள் அதைப் பெரும்பாலும் தசம எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், வரைபடம் தாறுமாறாகிவிடும். நேரப் பத்தியின் வடிவத்தை முன்கூட்டியே அமைத்து, இரட்டைப் புள்ளி போடச் சொல்லிக் கொடுங்கள். கோணத்துக்கான சூத்திரத்தை ஷீட்டில் தயாராகப் போட்டு வைக்காதீர்கள். வரைபடத் தாளில் முக்கோணம் வரைந்து பாகைமானியால் ஒருமுறை அளந்த பிறகு சூத்திரம் வரட்டும். வேலூர் டீச்சர் இதில் என்னைவிடக் கறார்.

தமிழ்த் தட்டச்சு உண்மையான தடை. போனில் பேசியே எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு லேப் கணினியின் விசைப்பலகை புதிது. ஆரம்பத்தில் கமெண்டுகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக வரும், நான் தடுப்பதில்லை. கேள்வி முதலில் வர வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து அழகான தமிழில் பதில் வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே தமிழ்99 கற்றுக்கொள்ளக் கேட்டார்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற அந்த விசைப்பலகையில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் இருப்பதால், பழகிவிட்டால் வேகம் வந்துவிடுகிறது.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பொது ஆவணத்தில் சேர்ந்து கட்டுரை எழுத வைத்துப் பார்த்தோம். நன்றாக எழுதும் ஒருவர் எழுத, மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். எண்களில் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் அவரவர் அளவு அவரவருடையது. வாட்ஸ்அப் குழுவில் அளவுகளைப் படம் எடுத்துப் போடுவதும் உதவாது. காலை வணக்கங்களுக்கு நடுவே அது புதைந்துவிடும், கணக்குப் போட யாராவது மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டும்.

தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: பத்துக் கணினி இருந்தால் தாராளம், ஒன்றே ஒன்று இருந்தாலும் குழுவுக்கு ஒருவராக வந்து ஏற்றலாம். தேவைப்படுவது அந்தப் பக்கம் வாக்குத் தவறாத ஓர் ஆசிரியர். சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் அங்கே கம்பு நடப்படாவிட்டால் உங்கள் பிள்ளைகள் வெறும் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்த பிப்ரவரிக்கு மூன்றாவது பள்ளி ஒன்றைத் தேடுகிறோம். டெல்லியாக இருந்தால் நல்லது. திருநெல்வேலியும் டெல்லியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன, எனவே உச்சி நேரம் இரண்டு நிமிட வித்தியாசத்துக்குள் வந்துவிடும். கோண வித்தியாசமோ கிட்டத்தட்ட 20 டிகிரி, ஆகவே எங்கள் பக்கம் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் விடை ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான் நகரும். அந்த வாரத்தில் அங்கே ஒரு மீட்டர் கம்பின் நிழலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் அறிவியலோ கணக்கோ எடுக்கும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், ஷீட்டில் உங்களுக்கு ஒரு தாள் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.