மரக்காலா, கைப்பிடியா?

களத்தில் நெல்லை மதிப்பிட இரண்டு வழி உண்டு. மரக்கால் போட்டு அளக்கலாம். ஒரு பிடி அள்ளி ஊதி, இரண்டு மணியைக் கடித்தும் பார்க்கலாம். ஆய்வாளர்களை மதிப்பிடவும் இதே இரண்டு வழிதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த புள்ளிமுறை மரக்கால் வகை. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை. சிபாரிசுக்கு இடம் குறைவு என்பது உண்மை. ஆனால் புள்ளிக்கேற்ப ஆட்கள் மாறிவிட்டார்கள். கும்பகோணத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர், வேதாரண்யம் பக்கத்துக் கிணறுகளின் உப்பை ஒரு கோடை முழுதும் அளந்தார். ஒரே கட்டுரையாக வரவேண்டியது. குளோரைடுக்கு ஒன்று, சோடியத்துக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என மூன்றாயிற்று. “பதவி உயர்வுக்கு மூன்று வேண்டும் சார்” என்றார், கூச்சமே இல்லாமல். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் வேறு பெருகின. 2018 மே மாதம் 4,305 இதழ்களைக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கியது.

கைப்பிடி வகையில், ஆய்வாளர் தன் ஆய்வுகளில் தேர்ந்துதரும் சிலவற்றைத் துறையறிந்தவர்கள் படித்துப் பார்ப்பார்கள். பிரிட்டனின் 2014 பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில் ஒருவருக்கு அதிகபட்சம் நான்கு. ஆடுதுறையில் நெல் ரகம் உருவாக்குபவருக்கு இதுதான் பொருந்தும். ஒரு ரகம் வயலுக்கு வரப் பத்தாண்டு பிடிக்கலாம், நடுவில் காட்ட அதிகம் இராது. குறையும் உண்டு: படிப்பவர் வேண்டியவராயிருந்தால் பதரும் நெல்லாகும்.

இருந்தாலும் என் ஓட்டு கைப்பிடிக்கே. விண்ணப்பங்கள் மலையாகக் குவியும் முதற்கட்டத் தேர்வுக்கு வேண்டுமானால் மரக்காலை வைத்துக்கொள்ளட்டும்.