காரைக்குடி பக்கம் மேக்புக் பாஸ்வேர்டு எடுக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பைலும் போச்சு, சீரியல் நம்பரும் போச்சு

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் யாராவது பழைய மேக்புக்கில் பூட்டுப் படம் வந்து நிற்கிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறீர்கள் என்றால், போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் 9,700 ரூபாய் போனது. அதைக்கூட விட்டுவிடலாம், அப்பச்சி (அப்பா) பல வருடமாகச் சேர்த்த பைல்கள் மொத்தமும் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

மெஷின் 2017 மாடல் மேக்புக் ஏர், 2018ல் சென்னையில் வாங்கியது. அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தான், கொடுக்கும்போதே பத்திரத்துக்கு என்று பர்ம்வேர் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு ஒன்று போட்டுவிட்டான். இந்தப் பாஸ்வேர்டு தினமும் கேட்காது. மெஷினைத் திறந்தால் வழக்கமான லாகின் பாஸ்வேர்டுதான் கேட்கும். வேறு டிஸ்க்கிலிருந்து மெஷினைக் கிளப்பவோ, பழுது பார்க்கும் ரெகவரி பகுதிக்குள் போகவோ முயன்றால்தான் பூட்டுப் படமும் கீழே ஒரு கட்டமும் வரும். அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் அது தேவையே படவில்லை. மேக்ஓஎஸ் மான்டரே அப்டேட் பாதியில் நின்று மெஷின் ரெகவரிக்குப் போகப் பார்த்தபோதுதான் பூட்டு வந்து நின்றது, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கோ என்ன போட்டோம் என்று சுத்தமாக நினைவில்லை.

நான் சென்னையில். ஆத்தா பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஊரிலேயே ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். (கடைப் பெயர் இங்கே போடவில்லை, காரணம் கடைசியில் இருக்கிறது.) "ஆச்சி, கவலையே படாதீங்க, சிப்பைக் கழட்டி புரோகிராம் பண்ணிட்டா சரியாயிடும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆத்தா அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள்: "தம்பி, உள்ள இருக்கிற பைல் எதுவும் போகக்கூடாது, ஐயாவோட கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு." அதற்கு அவர் கட்டைவிரல் போட்டிருக்கிறார். அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது.

அதில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் எங்கள் கோபம் புரியும். அப்பச்சி எங்கள் பங்காளிகள் அத்தனை பேருடைய இசைகுடிமான (கல்யாண ஒப்பந்த) ஓலைகளையும் காகிதங்களையும் வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருந்தார். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும்) வீட்டுக் கணக்கு, கோவிலில் குடும்பங்களைக் கணக்கிடும் புள்ளிக் கணக்கு, ஐயா (தாத்தா) காலத்து வீட்டில் யார் யாருக்கு எத்தனை பங்கு, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்ற பட்டியல், எல்லாம் வருடவாரியாக போல்டர் போட்டு வைத்திருந்தார். அதில் சில மூலக் காகிதங்கள் அதற்கப்புறம் செல்லரித்தே போய்விட்டன. ஸ்கேன்தான் மிச்சம் என்ற நிலை.

மெஷின் திரும்பி வந்தது, ஆன் ஆனது, புதுசு போல சுத்தமாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஆப்பிள் மெனுவில் 'இந்த மேக் பற்றி' திறந்தேன். சீரியல் நம்பர் வரவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. மெஷினைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்த நம்பர் அப்படியே இருக்கிறது, திரையில் மட்டும் காணோம். அடிமூடியில் ஐந்து இதழ் வெட்டுள்ள பென்டலோப் ஸ்க்ரூ பத்து இருக்க வேண்டும், அதில் இரண்டு சாதாரண பிளஸ் ஸ்க்ரூவாக மாறியிருந்தது, மூன்றாவது ஒன்று தலை மழுங்கிப்போய் ஸ்க்ரூடிரைவரே பிடிக்கவில்லை. மூடியைக் கழற்றியதும் போர்டில் ஒரு எட்டுக்கால் சிப்பைச் சுற்றி, சால்டர் வைக்கும்போது தடவும் பிளக்ஸ் பசை பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, துடைக்கக்கூட இல்லை. அந்தச் சிப்பில்தான் பர்ம்வேர் இருக்கிறது. வேறு ஏதோ மெஷினில் எடுத்த பைலையோ எங்கிருந்தோ இறக்கியதையோ அப்படியே அதில் ஏற்றியிருக்கிறார்கள், இந்த மெஷினின் சீரியல் நம்பர் அதில் இல்லை.

பில் என்று கொடுத்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கம். 'சிப் வேலை 8,500, ராம் சர்வீஸ் 1,200.' ராமைக் கழற்றி மாட்டினார்களாம். மேக்புக் ஏரில் ராம் போர்டோடு சால்டர் ஆனது, கழற்றுவதற்கு அதில் எதுவுமே கிடையாது! 2010 வரை வந்த பல மேக்குகளில் ராமை மாற்றிப் போட்டு பிராம் (அமைப்புகளைச் சேமிக்கும் சின்ன நினைவகம்) ரீசெட் செய்தால் இந்தப் பாஸ்வேர்டு போய்விடும், அந்தப் பழைய வித்தையை எங்கேயோ கேட்டுவிட்டு அதற்கு ஒரு கட்டணம் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் பார்த்ததும்தான் இது வேலை தெரியாததால் வந்த தப்பு மட்டும் இல்லை, தெரிந்தே பணம் பிடுங்கியது என்று முடிவுக்கு வந்தேன்.

பைல் எங்கே என்று கேட்டதற்கு, "பாஸ்வேர்டு எடுத்தா டேட்டா போகும் சார், எல்லாக் கடையிலயும் அப்படித்தான்" என்றார். இது பச்சைப் பொய். நம் ஊர் வீட்டை வைத்துச் சொல்கிறேன்: பர்ம்வேர் பாஸ்வேர்டு பின்கட்டுக் கதவின் பூட்டு, பெட்டகத்தின் பூட்டு இல்லை. டிஸ்க்கைப் பூட்டுவது பைல்வால்ட், அது வேறு, அப்பச்சி அதைப் போடவே இல்லை. 2017 ஏரில் பைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி தனித் துண்டு, ஒரே ஒரு டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வரும். அதற்கான அடாப்டரில் போட்டு இன்னொரு மேக்கில் செருகியிருந்தால் எல்லாப் பைலையும் காப்பி எடுத்திருக்கலாம், பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம். சரி, பூட்டை எடுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், ரெகவரிக்குள் போய் மேக்ஓஎஸ்ஸை ரீஇன்ஸ்டால் மட்டும் செய்திருந்தாலும் பைல்கள் அப்படியே இருந்திருக்கும். இவர்கள் டிஸ்க்கை எரேஸ் செய்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ரெகவரி சாப்ட்வேர் போட்டு ஏதாவது தேற்றலாம். இந்த எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை உடனே காலி செய்யும் டிரிம் ஓடுவதால் அழித்தது அழித்ததுதான்.

இன்னும் வயிறு எரிவது எதற்கென்றால், வாங்கிய பில் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. இன்டெல் மேக்கில் இந்தப் பாஸ்வேர்டு மறந்தால் ஆப்பிள் சொல்லும் வழி ஒன்றுதான்: மெஷினையும் வாங்கிய பில்லையும் அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு நேரில் எடுத்துப் போவது. உரிமையாளர் என்று உறுதியானால் பூட்டை எடுத்துவிடுவார்கள், டிஸ்க்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை. இங்கிருந்து மதுரை போய் வர ஒரு நாள். இதைக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது அதே மெஷினை மதுரைக்குக் கொண்டுபோனால் போர்டில் வெளியாள் கைவைத்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் மெஷின் வேறு மாதிரி என்றால் கதையும் வேறு. 2018லிருந்து வந்த, டி2 என்ற ஆப்பிள் பாதுகாப்புச் சிப் உள்ள மேக்புக்குகளில் டிஸ்க் அந்தச் சிப்போடு பின்னிய என்கிரிப்ஷனில் இருக்கும், போர்டு மாற்றினால் டேட்டா நிஜமாகவே போகும், அதனால் "போர்டு மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே மெஷினைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 2020 கடைசியில் வந்த, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1லிருந்து பர்ம்வேர் பாஸ்வேர்டே கிடையாது, அதில் அந்தப் பேரைச் சொல்லிப் பணம் கேட்டால் ஏமாற்று. விண்டோஸ் லேப்டாப்பில் பயாஸ் (அதன் பர்ம்வேர்) பாஸ்வேர்டு மறந்தாலும் முதலில் கம்பெனிக்குத்தான் பேச வேண்டும். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு (பயாஸ் அமைப்புகளைப் பூட்டுவது) மறந்துபோனால் போர்டு மாற்ற வேண்டும் என்று லெனோவோவே தன் கையேட்டில் சொல்கிறது. போர்டில் உள்ள பட்டன் பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பது பெரும்பாலும் டெஸ்க்டாப் போர்டுகளுக்குத்தான், இப்போதைய லேப்டாப்பில் நடக்காது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸில் கைவைத்ததும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

எந்தக் கடையாக இருந்தாலும் ஜாப் கார்டு எழுதி வாங்குங்கள், சீரியல் நம்பரும் 'டேட்டா அழிக்கக்கூடாது' என்ற வரியும் அதில் இருக்கட்டும். எழுதித் தரமாட்டேன் என்றால் அங்கே கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் பணம் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன், கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை. அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாய்ஸ் மெசேஜ், விசிட்டிங் கார்டு, போர்டின் படங்கள் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. மனு போகும் நேரத்தில் பெயரை இங்கே போட்டு அதை அவர்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதால்தான் எழுதவில்லை.

ஊர்ப் பக்கம் மேக்புக் சர்வீஸ் கொடுத்து வாங்கியவர்கள் இன்றைக்கே திரையில் வரும் சீரியல் நம்பரையும் அடியில் பொறித்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே கடை என்று தெரிந்தால் ஆணையத்தில் அனுமதி வாங்கிச் சேர்ந்தே மனு போடலாம்.