பவளத் தொட்டிக்கு எந்த இறால்?

கடல்மீன் விற்கும் கடைக்குப் போனால் ஐந்தாறு வகை இறால் இருக்கும். எதைக் காட்டிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ரீஃப் சேஃப் சார், பவளத்தை ஒன்றும் பண்ணாது." வயிறு நிறைந்திருக்கிற வரைக்கும் எல்லா இறாலும் சாதுதான். பசி எடுத்தால் எது பவளத்தைக் கொறிக்கும், எது பவளத்தின் வாயிலிருந்தே தீனியைப் பிடுங்கும், எது இரண்டும் செய்யாமல் பாறை இடுக்கில் கிடக்கும் என்பதில்தான் வித்தியாசம். அதனால் தொட்டியில் என்ன பவளம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறாலுக்கு வருவதுதான் முறை.

வீட்டுத் தொட்டிப் பவளங்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். ஜோவா, மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையானவை ஒன்று. டார்ச், ஹேமர், ஏகன் மாதிரி பெரிய சதையும் பெரிய வாயும் உள்ள கல்பவளங்கள் அடுத்தது. இவற்றை எல்பிஎஸ் என்பார்கள். அக்ரோபோரா, மாண்டிபோரா மாதிரி ஊசிமுனை அளவே பாலிப் (பவளத்தின் தனி உயிர்) கொண்டவை எஸ்பிஎஸ். எஸ்பிஎஸ் வளர்ப்பவருக்கு இறால் பெரிய கவலையே இல்லை. பிடுங்கும் அளவுக்கு அங்கே வாயும் பெரிதில்லை, கொறிக்கும் அளவுக்குச் சதையும் இல்லை. தொல்லையெல்லாம் முதல் இரண்டு கூட்டத்துக்குத்தான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா உட்பட இந்தியக் கடலில் உள்ள கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. "ராமேசுவரம் பக்கம் எடுத்த பீஸ், விலை கம்மி" என்று யாராவது நீட்டினால் வாங்குகிறவரும் சேர்ந்துதான் மாட்டுவார். வெளிநாட்டிலிருந்து வரும் கல்பவளத்துக்கும் அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி அனுமதிக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றும் கடையில் நமக்கு வேலையில்லை.

சரி, இறாலுக்கு வருவோம்.

கிளீனரா, பிளட் ரெட்டா?

அதிகம் பேர் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவேதான். ஸ்கங்க் கிளீனர் என்பது முதுகில் சிவப்பு, அதன் நடுவே நெடுக ஒரு வெள்ளைக் கோடு, நீள வெள்ளை மீசை கொண்டது. பிளட் ரெட் உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு. தலைப்பக்கம் வெள்ளைப் புள்ளிகள், கால் நுனியும் வெள்ளை. இரண்டும் லைஸ்மாட்டா என்ற ஒரே இனக்குழு. இரண்டும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில்தான் நிற்கும். இலங்கைக் கடலிலிருந்து இரண்டும் அலங்கார மீன் வியாபாரத்துக்கு ஏற்றுமதியாகின்றன. குணத்தில் மட்டும் ஒட்டாது.

கிளீனர் பந்தியில் இலை போடுவதற்கு முன்னாலேயே வந்து உட்காரும் ஆள். கையை உள்ளே விட்டால் நகக்கண்ணைச் சுரண்ட வரும். மீன் பக்கத்தில் வந்து நின்றால் மேலே ஏறி வாய்க்குள்ளும் செவுளோரமும் மேயும். பார்க்க அவ்வளவு அழகு. இதைப் பார்த்துவிட்டு வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்தாக வாங்குகிறவர்கள் உண்டு; அது நடக்காது. அந்த நோயின் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் பதிந்திருக்கும், இறாலின் இடுக்கி அங்கே எட்டாது.

எல்பிஎஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் துணிச்சல்தான் வினை. ஏகனுக்கு மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிர், தீனியாக விற்பது) வைக்கிறோம். பவளம் வாயைத் திறந்து மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே கிளீனர் மேலே ஏறி நின்றுவிடும். முன்கால் இரண்டையும் வாய்க்குள் விட்டு, பாதி விழுங்கிய தீனியை வெளியே உருவி எடுக்கும். போவது ஒரு துண்டு மைசிஸ் மட்டுமல்ல. அந்த இழுப்பில் சதை கிழியும். கிழிந்த இடம் அழுகத் தொடங்கினால் மொத்தப் பவளமும் போகும். டார்ச், ஹேமர் வகைகளில் இந்த அபாயம் இன்னும் கூடுதல்.

தடுக்க வழி இருக்கிறது. பம்ப்பை நிறுத்துங்கள். தொட்டியின் மறுகோடியில் ஒரு பெரிய துண்டு தீனியைப் போட்டு இறாலை அங்கே இழுங்கள். அப்புறம் பிப்பெட்டால் பவளத்துக்கு ஊட்டி, மேல்பாதி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் விழுங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் இதைச் செய்யப் பொறுமை இருந்தால் கிளீனரும் எல்பிஎஸ்ஸும் ஒரே தொட்டியில் வாழலாம். இல்லையென்றால் வேண்டாம்.

பிளட் ரெட் கூச்ச சுபாவம். ஆழமான, வெளிச்சம் குறைந்த இடத்து உயிர் என்பதால் பாறைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதுவும் திருடும், யோக்கியன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகல் வெளிச்சத்தில் தொட்டியின் நடுவே வந்து பவளத்தின்மேல் ஏறி நிற்கும் தைரியம் அதற்குக் குறைவு. விலையும் கிளீனரைவிட அதிகம். காசும் கொடுத்துவிட்டுப் பாதி நாள் கண்ணிலேயே படாது என்பது சிலருக்கு ஏமாற்றம். எல்பிஎஸ் நிறைந்த தொட்டியில் அதுவே நன்மை.

கிளீனர் பக்கம் ஒரு நியாயமும் பேச வேண்டும். லைஸ்மாட்டாக்கள் முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு ஒரே உடம்பில் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. எந்த இரண்டை வாங்கினாலும் ஜோடிதான். வயிற்றடியில் பச்சை நிற முட்டைகளைச் சுமக்கும், விளக்கணைந்த பிறகு குஞ்சுகளை விடும். வீட்டில் அவற்றை வளர்த்தெடுப்பது மிகக் கடினம். ஆனால் அந்தக் குஞ்சுக்கூட்டம் தொட்டி முழுக்க மிதக்கும்போது பவளங்களுக்கு அது உயிருள்ள தீனி. ஜோடி வைத்தால் இந்த விருந்து திரும்பத் திரும்பக் கிடைக்கும். மூன்று நான்காக மட்டும் விடாதீர்கள். சட்டை உரித்த இரவில் மெத்தென்று கிடப்பதை மற்றவை கொன்று, கடைசியில் இரண்டாக்கிவிடும்.

பெப்பர்மின்ட்டும் அதன் வேடத்தில் வரும் கேமலும்

பெப்பர்மின்ட்டை யாரும் அழகுக்கு வாங்குவதில்லை, ஐப்டேசியாவுக்காக வாங்குகிறார்கள். பாறையோடு ஒட்டிவந்து பெருகும் அந்தப் பழுப்புக் கடல்சாமந்தி பக்கத்துப் பவளத்தைக் கொட்டியே சுருங்க வைக்கும். கிள்ளி எடுத்தால் விடுபட்ட துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். பெப்பர்மின்ட் அதைத் தின்னும், உண்மைதான். தின்னுவது சின்னதை, பெரிதாக வளர்ந்ததைத் தொடாமல் போவதும் உண்டு. இராத்திரி வேலை என்பதால் காலையில் எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வேறு தீனி தாராளமாகக் கிடைத்தால் ஐப்டேசியா பக்கமே போகாது. பட்டினி போட்டால் ஐப்டேசியாவோடு நிற்காமல் ஜோவாவையும் ஏகனையும் பதம் பார்க்கும். ஐப்டேசியாவுக்கு மட்டும்தான் ஆள் வேண்டும் என்றால் பெர்கியா என்ற கடல்நத்தை மேல். அதற்கு அதைத் தவிர வேறு தீனியே கிடையாது. தீர்ந்துபோனால் பட்டினியில் செத்துவிடும், அதற்குள் இன்னொரு வளர்ப்பவருக்குக் கைமாற்ற வேண்டும். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. பெர்கியாவை விட்ட தொட்டியில் பெப்பர்மின்ட்டை விடாதீர்கள், நத்தையையே தின்றுவிடலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை, பெப்பர்மின்ட் என்ற பெயரில் கேமல் வந்து சேர்வது. பேர்பெற்ற பெப்பர்மின்ட் ஃபுளோரிடா, கரீபியன் பக்கத்துச் சரக்கு. கேமலோ இந்தோ-பசிபிக்கில் பரவலாக இருப்பது. இரண்டும் சிவப்புக் கோடு போட்டவை என்பதால் கடைக்காரரே குழம்புவார். தொட்டி முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். பெப்பர்மின்ட்டின் உடம்பு கண்ணாடி மாதிரி. அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் நெடுவாட்டில் ஓடும், வெள்ளை என்று எதுவும் பளிச்சென்று தெரியாது. கேமலுக்குச் சிவப்பும் வெள்ளையும் அழுத்தமாக இருக்கும், வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. முதுகு கூனியிருக்கும், கண் பெரிது. சந்தேகம் தீரவில்லையென்றால் மூக்கைப் பாருங்கள். கேமலின் மூக்குமுள் கீல் வைத்த மாதிரி மேலும் கீழும் அசையும். பெப்பர்மின்ட்டுக்கு அது அசையாது.

ஜோவா, மஷ்ரூம் தோட்டத்தில் கேமலை விட்டால் ஒன்றொன்றாகக் காலி. கூட்டமாகத் திரியும் சாதி வேறு, ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேரும்.

பாக்சர்

சிவப்பு வெள்ளைப் பட்டை, நீட்டிய பெரிய இடுக்கி என்று தொட்டிக்கே ராஜா மாதிரி நிற்கும் பாக்சர் இறாலுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பவளத்துக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை, புழுக்களையும் தின்னும். ஆனால் சேர்ந்த ஜோடியைத் தவிர வேறு இறாலைப் பக்கத்தில் விடாது. கிளீனரோ பிளட் ரெட்டோ ஏற்கெனவே இருந்தால் இதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

சின்னத் தொட்டிக்கு: பிஸ்டலா, செக்சியா?

நாற்பது ஐம்பது லிட்டர் தொட்டிக்காரர்களுக்கு இந்த இரண்டும்தான் நிஜமான போட்டி, என் ஓட்டு பிஸ்டலுக்கு. அதற்குப் பார்வை மங்கல். மணலில் வளை தோண்டி ஒரு கோபி மீனோடு குடித்தனம் நடத்தும். வளைக்கு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசை மீனின்மேல் தொட்டபடியே இருக்கும்; மீன் வாலை உதறினால் அடுத்த நொடி உள்ளே. இடுக்கியை அது சொடுக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். இடுக்கிகள் மோதுவதால் வரும் சத்தம் அல்ல அது, அந்த வேகத்தில் உண்டாகும் குமிழி நசுங்கி வெடிக்கும் சத்தம் என்று 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பவளத்தைத் தின்னாது, ஆனால் தூக்கிக்கொண்டு போகும். ஒட்டாமல் மணலில் வைத்த ஜோவா ஃப்ராக் (வெட்டி எடுத்த சிறு பவளத் துண்டு) எதுவும் அதற்குக் கட்டுமானப் பொருள்தான். வளைவாயில் சொருகி மண்ணைத் தள்ளி மூடிவிடும். ஃப்ராக்கைப் பசையால் பாறையில் ஒட்டிவிட்டால் தொல்லை முடிந்தது. பாறையை மணல்மேல் வைக்காமல், முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நிறுத்திவிட்டுப் பிறகு மணல் போட வேண்டும். இல்லையென்றால் அடியில் தோண்டித் தோண்டிக் கல்லையே சாய்த்துவிடும்.

செக்சி இறால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டே மஷ்ரூம்மேல் நிற்கும். ஒன்றாக வாங்காமல் மூன்று நான்காக வாங்கினால்தான் வெளியே வரும். பசித்தால் இதுவும் ஜோவாவைக் கொறிக்கும். ராஸ் மாதிரி இறால் தின்னும் மீன் ஒன்று இருந்தாலும் இது காலையில் இருக்காது. மீனே இல்லாத சின்னத் தொட்டிக்குச் சரி.

எல்லாவற்றுக்கும் பொது

வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு என்று பவளத்துக்கு வைக்கும் அளவே இறாலுக்கும் போதும். அளவைவிட அது நிலையாக நிற்பதுதான் இறாலுக்கு முக்கியம். சென்னை மாதிரி ஊரில் மே மாதம் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் மின்விசிறியால் சமாளிப்பவர்கள் உண்டு. விசிறி வேகமாகத் தண்ணீரை ஆவியாக்கும், உப்பு மட்டும் அப்படியே நிற்கும். சின்னத் தொட்டியில் ஆவியான அளவு நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட ஒரு நாள் மறந்தாலே உப்பளவு ஏறிவிடும். பவளம் சுருங்கி மறுநாள் விரியலாம், இறால் சட்டை உரிக்கும்போது சிக்கிச் செத்துப்போகும். வாங்கி வந்த அன்றும் அவசரம் ஆகாது. தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சேர்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

ஈடுகட்டும் தண்ணீரிலும் ஒரு பொறி இருக்கிறது. இப்போது வீட்டுக்கு வரும் குடிநீர் ஆர்ஓ மெஷின் பலவற்றில் தாமிரம் சேர்க்கும் குழாய் வைத்திருக்கிறார்கள். குடிப்பவருக்கு எப்படியோ, இறாலுக்கும் பவளத்துக்கும் தாமிரம் விஷம். மீன் நோய்க்கு விற்கும் மருந்து சிலவற்றிலும் அதுதான் இருக்கும். தொட்டிக்குத் தனி ஆர்ஓ-டிஐ (கரைந்த உப்பையும் உலோகத்தையும் நீக்கும் வடிகட்டி) வையுங்கள்.

தரையில் இறால் மாதிரி ஒன்று அசையாமல் கிடந்தால் முதலில் பதறாமல் பாருங்கள். உள்ளே வெறுமையாய், முதுகில் பிளந்து கண்ணாடி மாதிரி இருந்தால் அது உரித்த சட்டை. செத்த இறால் வேகவைத்தது போல வெளுத்துச் சிவந்திருக்கும்.

வாங்கும் முடிவு

எல்பிஎஸ் அதிகம், கையால் ஊட்டுகிறீர்கள் என்றால் பிளட் ரெட் ஜோடி. மென்பவளமும் நாலைந்து மீனும் உள்ள குடும்பத் தொட்டிக்குக் கிளீனர் ஜோடிதான். பிள்ளைகள் தொட்டி முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள். ஐப்டேசியா இல்லாத தொட்டிக்குப் பெப்பர்மின்ட் தேவையே இல்லை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்காதீர்கள். சின்னத் தொட்டிக்குப் பிஸ்டலும் கோபியும். எஸ்பிஎஸ் மட்டுமே வளர்க்கிறீர்கள் என்றால் மற்றவர்கள் ஒதுக்கும் கேமலைக் கூட்டமாகவே விடலாம்: கொறிக்க அங்கே ஒன்றும் இல்லை, விலையும் குறைவு.