‘க்ளீன் பண்ணித் தருகிறோம்’ என்று வாங்கிப் போய் 200 வருடப் பெயிண்ட்டையே எடுத்துவிட்டார்கள்

பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் எஸ்டேட் சேலில் பழைய மரச்சாமான் வாங்குகிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்து மூன்று மாதம் ஆகிறது, இப்போதுதான் உட்கார்ந்து எழுத மனசு வந்தது.

போன வருடம் லங்காஸ்டர் கவுண்டியில் ஒரு பண்ணை வீட்டு விற்பனையில் ஒரு மரப்பெட்டி வாங்கினேன். 640 டாலர். டவர் செஸ்ட் (dower chest), அதாவது சீர்ப் பெட்டி என்று இங்கே சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் குடியேறியிருந்த ஜெர்மன் குடும்பங்கள், கல்யாண வயதை நெருங்கும் பிள்ளைகளுக்குத் துணிமணி வைக்கச் செய்துகொடுத்த பெட்டி. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பையன்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் டியூலிப் பூ, பறவை, இதயம் எல்லாம் வரைந்து பெயரையும் வருடத்தையும் எழுதுவார்கள். பெர்க்ஸ் கவுண்டிப் பெட்டிகளில் யூனிகார்ன்கூட நிற்கும். டெலவேரில் இருக்கும் விண்டர்தர் மியூசியத்துக்கு ஒரு முறை போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு இந்தப் பெட்டிகள் மேல் பைத்தியம். சொந்தமாக ஒன்று கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை.

நான் வாங்கியதில் அடித்தளம் நீலம். அதன் மேல் வெளிர் மஞ்சளாக இரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சாடி, அதிலிருந்து கிளம்பும் டியூலிப்கள். மேலே ஒரு பெண்ணின் பெயர், பாதி அழிந்து, பக்கத்தில் 17 என்று இரண்டு எண்கள். மற்ற இரண்டு எண்கள் புகையும் அழுக்கும் படிந்து கறுப்பாக இருந்தன. அந்த இரண்டு எண்களைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் சுத்தம் செய்யவே கொடுத்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் கடை, ‘ஆன்டிக்ஸ்’ என்று பெரிய போர்டு. ‘நிறைய பழைய பொருள் செய்திருக்கிறோம், க்ளீன் பண்ணித் தருகிறோம்’ என்றார் கடைக்காரர். அழுக்கை மட்டும் எடுங்கள், பெயிண்ட் அப்படியே இருக்கட்டும் என்று நான் வாயால் சொன்னேன். அவரும் சரி என்றார். கையெழுத்துப் போட்ட தாளில் ‘க்ளீன் அண்ட் ரெஸ்டோர்’ என்று மட்டும் இருந்தது. கூலி 475 டாலர், பாதி முன்பணம்.

மூன்று வாரம் கழித்து போனில் ஒரு படம் அனுப்பினார். தேன் கலரில் பளபளவென்று ஒரு பெட்டி. முதலில் வேறு யாருடைய பெட்டியையோ தப்பாக அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ‘உள்ளே எவ்வளவு அழகான மரம் ஒளிந்திருந்தது பாருங்கள்’ என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். நீலம் இல்லை, பூச்சாடி இல்லை, பெயர் இல்லை, 17 இல்லை.

பெயிண்ட் இளக்கும் கெமிக்கல் தொட்டியில் முக்கி, மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பாலியூரித்தேன் அடித்திருக்கிறார்கள். கெமிக்கலில் ஊறியதில் பழைய விலங்குப் பசை இளகி மூலையில் புறா வால் மாதிரி வெட்டிக் கோத்த டவ்டெயில் மூட்டுகளில் இடைவெளி விழுந்துவிட்டது, கழன்ற காலை நெயில் கன் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தாளில் எழுதிய வேலையைத்தான் செய்தோம் என்றார். விருப்பமானால் பழைய மாதிரியே மில்க் பெயிண்ட் (பால் கலந்து செய்யும் பெயிண்ட்) அடித்துத் தருகிறேன், அதற்குத் தனிக் கூலி என்றார். பென்சில்வேனியாவில் 12,000 டாலர் வரையிலான வழக்கை மாஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் போடலாம். விசாரித்தேன். ‘பெயிண்ட்டைத் தொடாதே’ என்பது தாளில் இல்லாமல் நிரூபிப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஃபார் கன்சர்வேஷன் என்ற அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாக கன்சர்வேட்டர்களை, அதாவது பழைய பொருளின் அசல் கெடாமல் பாதுகாத்துச் சரிசெய்பவர்களைத் தேடலாம். அப்படிக் கிடைத்த ஒரு அம்மாவிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் சொன்ன முதல் விஷயமே எனக்கு உறைத்தது. இந்த மரம் டியூலிப் பாப்லர், லேசாகப் பச்சை ஓடும் சாதாரண மரம், இதை யாரும் பார்க்க வேண்டும் என்று அந்தத் தச்சர் நினைக்கவே இல்லை, பெயிண்ட் அடிக்கத்தான் இந்த மரத்தை எடுத்தார் என்றார். அந்தக் கால விண்ட்சர் நாற்காலிகளும் அப்படித்தானாம். உட்காரும் பலகை ஒரு மரம், கால் இன்னொரு மரம், முதுகுக் குச்சிகள் வேறொரு மரம், எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டத்தான் மேலே பச்சைப் பெயிண்ட். அதைச் சுரண்டி ‘இயற்கை மரம்’ என்று விற்கிறார்கள். மில்க் பெயிண்ட் பற்றியும் கேட்டேன். பழைய சாமான்களில் அப்படிச் சொல்லப்படுவதில் நிறைய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயிண்ட்தான் என்றார்.

அவர் என்றால் எப்படிச் செய்திருப்பார் என்று கேட்டேன். குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு துணுக்கை எடுத்து, ரெசினில் பதித்து, மைக்ராஸ்கோப்பில் எத்தனை அடுக்கு, எது பெயிண்ட், எது பிறகு பூசிய வார்னிஷ் என்று முதலில் பார்ப்பாராம். அப்புறம் பஞ்சுக் குச்சியை உமிழ்நீரில் நனைத்து ஓரத்தில் ஓர் அங்குலம். உமிழ்நீரில் இருக்கும் என்சைம் அழுக்கை இளக்கும், பெயிண்ட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். குச்சியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுவார். உரிந்து நிற்கும் இடங்களில் மீன் பசையை மெல்லிய பிரஷ்ஷால் விட்டு ஒட்டவைப்பார். அந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்றார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். ஜோன்ஸ்டவுனில் கிறிஸ்டியன் செல்ட்சர் என்று ஒரு பெட்டி செய்பவர் இருந்தார், தன் பெயரை வரைந்த பூச்சாடியின் மேலேயே எழுதிவைப்பார். என் பெட்டியிலும் பூச்சாடி இருந்தது. அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. போனில் எடுத்த நான்கு படங்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றும் தெரியவில்லை.

அதனால் கையில் பெயிண்ட் போட்ட பழைய பொருள் இருந்தால் முதலில் படம் எடுங்கள், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கிட்டத்தில், எல்லாப் பக்கமும். யாரிடம் கொடுத்தாலும் என்ன செய்யப்போகிறார், என்ன செய்யமாட்டார் என்பதை எழுதி வாங்குங்கள். நல்ல கன்சர்வேட்டர் கேட்காமலேயே இதைத் தருவார். ஸ்ட்ரிப் (பழைய பூச்சை உரிப்பது), ரீஃபினிஷ் (புதுப் பூச்சு அடிப்பது) என்ற வார்த்தை தாளில் வந்தால் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், என்னை மாதிரி ‘ரெஸ்டோர்’ என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள், ஆளுக்கு ஆள் அதற்கு ஒரு அர்த்தம். மரத்துக்குச் சாப்பாடு என்று ஆளிவிதை எண்ணெயைத் தேய்க்காதீர்கள், அது நாளாக நாளாகக் கறுத்து இறுகும், பிறகு எடுப்பது பெரும்பாடு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்காரவே வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான், இந்த மாதிரிப் பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசி பிள்ளைகளுக்கு விஷம்.

என் பெட்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்த கன்சர்வேட்டர் அம்மா ஆணிகளை மட்டும் எடுத்து மூட்டைச் சரிசெய்து தந்தார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, சாவித்துளை மேல் இருந்த இரும்புத் தகட்டை மெதுவாகக் கழற்றிக் காட்டினார். கெமிக்கலும் உப்புத்தாளும் போகாமல் அதன் பின்னால் கட்டை விரல் நகம் அளவுக்கு நீலம் இருந்தது. நான் வாங்கியபோது பார்த்ததைவிட நல்ல நீலம், 200 வருடமாக வெளிச்சமே படாதது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அவரே தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்.